ஒரு மதிப்பெண் கூடுதல்

அயோத்தியாப்பட்டணம்,
12.08.2024, திங்கட்கிழமை, காலை 10.40.

பிரியமுள்ள தங்கை மஸ்தான் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சான் சமியுல்லாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் உடல்நிலையைக் கேட்டால், இரத்த அழுத்தம் 140-க்கு 90; சனிக்கிழமை, அதாவது 10.08.2024 அன்று பார்த்தது. மஸ்கட்டில் மகன் இம்தியாஸும் மருமகள் தஹ்சீனும் நலம் என்று 4-ஆம் தேதி குறுஞ்செய்தி வந்தது. வாதம் கண்ட மச்சானின் வலக்கை இப்போது எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதைத் தவறாமல் எழுதவும்.

செய்திக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்து முடித்த பின் மேலே படி. சென்ற ஏப்ரலில் ஐந்து பாடங்களும் எழுதினேன். நான்கில் தேறினேன். அறிவியலில் செய்முறைக்கு 25-க்கு 22 வந்தது. எழுத்துத் தேர்வில் 75-க்கு 13. இருபது எடுத்தால்தான் தேர்ச்சி. எனவே வரும் ஏப்ரலில் அறிவியல் மட்டும் மறுபடியும் எழுத வேண்டும்.

எழுபதாவது வயதில் இது எதற்கு என்று நீ கேட்கக்கூடும். அத்தா மவுத்தாகி நம்மை விட்டுப் போன வருடம், பள்ளி திறந்த 08.06.1970 திங்கட்கிழமை, நான் பள்ளிக்குப் போகாமல் செவ்வாய்ப்பேட்டையில் சாக்குக் கடையைத் திறந்தேன். அன்று விட்டதை முடித்து வைக்க விரும்புகிறேன். வேறு காரணம் இல்லை.

நீ இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். தொலைபேசியில் கேட்கலாம் என்றால் என் காது ஒத்துழைக்காது. கருவியை மாட்டினால் அது சீழ்க்கை அடிக்கிறது, எதிரில் இருப்பவர் குரல் வருவதில்லை. ஆகவே பழைய வினாத்தாள் ஒன்றின் இயற்பியல் வினாக்களுக்கு மட்டும் ஒரு மணி நேரத்தில் விடை எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். மொத்தம் 25 மதிப்பெண். சிவப்பு மையில், சலுகை காட்டாமல் திருத்தி அனுப்பவும். திருப்பி அனுப்ப முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

உன் நலம் நாடும் அண்ணன்,
அப்துல் சலாம்.


நாமகிரிப்பேட்டை,
21.08.2024.

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்னபடி சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை அண்ணே. அடுப்படியில் நின்று உங்கள் விடைத்தாளைப் பிரித்தபோது, வலது ஓரத்தில் கோடு போட்டு, பக்க எண் போட்டு, வினா எண்ணைக் கட்டம் கட்டி எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் சர்வீஸில் ஒரு பிள்ளைகூட இப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

25-க்கு 17½.

ஓம் விதியில் "மாறா வெப்பநிலையில்" என்ற சொல் இல்லை. அது இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போகும். ஓம் எந்த ஊரில் பிறந்தார் என்று நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் கேட்கவில்லை. பக்க இணைப்பில் 10 ஓம், 15 ஓம் மின்தடைகளை அப்படியே கூட்டி 25 என்று போட்டிருக்கிறீர்கள். அது தொடரிணைப்புக்கு. பக்க இணைப்பில் வழி இரண்டாகிறது. மின்னோட்டத்துக்குப் போகிற பாதை கூடுகிறது. அதனால் மொத்தத் தடை குறையத்தான் வேண்டும். விடை 6 ஓம். எப்படி என்பதைப் பின்பக்கத்தில் முழுவதும் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது.

ஒலியியல் வினா ஒன்றைக்கூடத் தொடவில்லையே, ஏன்?

உங்கள் மச்சான் நன்றாக இருக்கிறார்கள். கை அப்படியேதான். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
பீவி.


அயோத்தியாப்பட்டணம்,
30.08.2024, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பிரியமுள்ள தங்கைக்கு,

ஸலாம். இன்று 130-க்கு 86. உன் உறை 24-ஆம் தேதி சனிக்கிழமை பகல் 12.15-க்குக் கிடைத்தது. நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். தெளிவாக இருந்தது.

எனினும் இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது: இரண்டாம் பக்கம், ஏழாவது விடையில் லென்சின் திறனை 2 என்று எழுதி, டையாப்டர் என்ற அலகை விட்டிருந்தேன். நீ முழு மதிப்பெண் தந்திருக்கிறாய். அண்ணன் என்பதற்காகவா? அரை மதிப்பெண்ணைக் குறைத்து 17 என்று திருத்திக்கொண்டேன். இரண்டாவது: ஒலியியல் பற்றிக் கேட்டிருந்தாய். வினாத்தாளில் விருப்பத் தேர்வு உண்டு. எந்த வினாவையும் விட்டுவிடத் தேர்வருக்கு உரிமை இருக்கிறது.

அஞ்சலகத்தில் காளியண்ணன் என்பவர் முத்திரை குத்துபவர். உறையின் கனத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேரே நன்றாக வாயைத் திறந்து, "ஏனுங்க பாய், பேரனுக்குப் பாடம் எழுதி அனுப்பறீங்களா?" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"என் பாடந்தான்" என்றேன்.

"உங்களுதா? யாருங்க வாத்தியாரு?"

"என் தங்கச்சி."

"அப்ப பாஸ்தான் போங்க. தங்கச்சி ஃபெயில் போட்டா சீர் நின்னுபோயிருமில்ல!" என்று அவரும் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் என்னிடம் ஒருவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான் என்பதால் குறித்து வைத்தேன்.

இரண்டாவது தாள் இணைத்துள்ளேன். விரைவில் எதிர்பார்க்கிறேன். மச்சானுக்கு என் ஸலாம்.

அண்ணன்,
அப்துல் சலாம்.


நாமகிரிப்பேட்டை,
03.10.2024.

அண்ணனுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வீட்டில் வேலை சரியாக இருந்தது. நாங்கள் நலம்.

25-க்கு 16. பக்க இணைப்பு முழுக்கச் சரி. சந்தோஷம். ஆனால் கிட்டப்பார்வைக்குக் குவிலென்சு என்று போட்டிருக்கிறீர்கள். கிட்டப்பார்வைக்காரருக்குப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது, அதைப் பின்னால் தள்ள வேண்டும் என்றால் ஒளியை விரிக்க வேண்டும், அதற்குக் குழிலென்சு. கண் படம் இரண்டு வரைந்து அம்புக்குறியோடு காட்டியிருக்கிறேன். படம் கோணலாக இருக்கும், நடுவில் மூன்று தடவை எழுந்து போக வேண்டியதாயிற்று.

அலகுக்காக அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டது உங்களுக்கே உரிய வேலை. நம் சாக்குக் கடையில் ஒரு சாக்கில் ஓட்டை இருந்தால் வாங்க வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டிய ஆள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீவி.


அயோத்தியாப்பட்டணம்,
09.10.2024, புதன்கிழமை, காலை 9.05.

பிரியமுள்ள தங்கைக்கு,

ஸலாம். அழுத்தம் 146-க்கு 92, காரணம் தெரியவில்லை.

என் முந்தைய கடிதத்தின் தேதிக்கும் உன் பதிலின் தேதிக்கும் இடையே 34 நாட்கள். இதைக் குறையாக எழுதவில்லை, கணக்காக எழுதுகிறேன். அந்த 34 நாட்களில் தபால்காரர் எங்கள் தெருவுக்கு 27 முறை வந்தார். எதிர்வீட்டுக்கு வங்கியிலிருந்து நிறைய வருகிறது.

கண் படங்கள் கோணலாக இல்லை. அவற்றைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உன் அண்ணி மவுத்தான பிறகு அந்தச் சுவரில் நாட்காட்டி ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் வேலை என்று எழுதியிருந்தாய். என்ன வேலை என்று எழுதவில்லை. மச்சானின் கையைப் பற்றியும் இந்த முறை ஒரு சொல்லும் இல்லை. கேட்ட வினாவுக்கு விடை எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று நீதான் சொல்வாய்.

மூன்றாவது தாள் இணைத்துள்ளேன். இதில் ராக்கெட் மேலெழும்பும் வினா எனக்குச் சரியாக விளங்கவில்லை. விரிவாக விளக்கினால் நலம்.

அண்ணன்,
அப்துல் சலாம்.


நாமகிரிப்பேட்டை,
18.11.2024.

அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். கை அப்படியேதான் இருக்கிறது, அதனால்தான் எழுதவில்லை.

25-க்கு 15. ராக்கெட்டுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அண்ணே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று உங்கள் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் தப்பு செய்தால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும். இன்று திருத்திக் கொடுத்தால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே மாதிரி வழுக்கி விழும். நீங்கள் ஒரு தப்பை ஒரே ஒரு தடவைதான் செய்கிறீர்கள். நான் விளக்கி எழுதினதும் அது சரியாகிவிடுகிறது. அடுத்த தாளில் புதிய இடத்தில் புதிய தப்பு. அதுவும் ஒரு வரியில் திருத்த முடிகிற இடத்தில் வருவதே இல்லை. பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய இடத்தில்தான் வருகிறது.

இந்தத் தாளில் உந்த அழிவின்மை விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு, அதே விதியை வைத்து அடுத்த பக்கத்துக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். விதி தெரியாதவருக்குக் கணக்கு எப்படி வரும்?

தெரிந்தே எழுதுகிறீர்களா?

பீவி.


அயோத்தியாப்பட்டணம்,
25.11.2024, திங்கட்கிழமை.

தங்கைக்கு,

ஸலாம். உடல்நலம் பற்றிக் குறிப்பிட ஒன்றுமில்லை.

18-ஆம் தேதியிட்ட உன் கடிதத்தின் கடைசி வரி எனக்கு வருத்தம் அளித்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டவன் தடுமாறுவது இயல்பு. தேர்வரைச் சந்தேகிப்பது திருத்துபவருக்கு அழகன்று.

நான்காவது தாளை இணைத்துள்ளேன். இதில் நீ சந்தேகப்பட இடமிருக்காது. நேரம் பார்த்து எழுதியது: 52 நிமிடம்.

மச்சானுக்கு ஸலாம்.

அப்துல் சலாம்.


(அஞ்சலட்டை)
நாமகிரிப்பேட்டை, 20.02.2025.

அண்ணனுக்கு ஸலாம். நாங்கள் நலம்.
தாமதமாகிவிட்டது.
25-க்கு 25. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.
இனி நீங்கள் தாள் எதுவும் அனுப்பத் தேவையில்லை.
தேர்வை நல்லபடியாக எழுதுங்கள். துஆ செய்கிறேன்.
பீவி.


அயோத்தியாப்பட்டணம்,
12.04.2025, சனிக்கிழமை, காலை 8.20.

பிரியமுள்ள தங்கைக்கு,

ஸலாம். உன் அஞ்சலட்டை 24.02.2025 அன்று வந்து சேர்ந்தது. முகவரி நீங்கலாக ஆறு வரிகள். முந்தைய கடிதத்துக்குப் பின் 87 நாட்கள்.

நோன்பு இருபத்தொன்பதையும் வைத்தேன். பெருநாளன்று, 31.03.2025, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு எல்லோருக்கும் கைகொடுத்து வீட்டுக்கு வந்து மணி பார்த்தேன். 9.20. அன்றைய பகல் மிக நீளமாக இருந்தது. அன்று எழுத நினைத்தேன். இணைப்பதற்குத் தாள் இல்லாமல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று தேர்வு. பத்தே காலுக்கு எழுதத் தொடங்கினோம். என் பெஞ்சுக்குப் பின்னால் அறிவுச்செல்வி என்ற பெண்மணி; சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், பத்தாவது தேறினால் அமைப்பாளர் ஆகலாமாம். சென்ற ஆண்டும் இதே மையத்தில் எழுதினார். நான் 11.05-க்குப் பேனாவை மூடிவைத்தேன். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அவர் என் முன்னால் வந்து நின்று, உரக்கப் பேசினார். கழுத்து நரம்பு புடைத்ததிலிருந்து உரக்க என்று தெரிந்தது.

"ஏனுங்க பாய், பதினொரு மணிக்கே பேனாவ மூடிட்டு ரெண்டு மணி நேரம் சும்மா குந்திருந்தீங்களே, ஒண்ணும் தெரியலீங்களா?"

"எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்" என்றேன்.

"நல்ல ஆளு! அந்த ரெண்டு மணி நேரத்த எனக்காச்சும் குடுத்திருக்கலாமில்ல. எனக்கு மரபியலுக்கு நேரமே பத்தல" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நேற்றைய வினாத்தாளுக்குரிய விடைகள் அனைத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். வேதியியல், உயிரியல் உட்பட. திருத்தத் தேவையில்லை என்று நீ எழுதியிருந்தாலும், பார்வைக்கு.

அண்ணன்,
அப்துல் சலாம்.


அயோத்தியாப்பட்டணம்,
19.05.2025, திங்கட்கிழமை, காலை 7.10.

தங்கைக்கு,

ஸலாம். அழுத்தம் 158-க்கு 96. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அவசரமாக எழுதுகிறேன். 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தேர்வு முடிவு வந்தது. அறிவியல் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20. செய்முறை 22. மொத்தம் 42. தேர்ச்சி என்று போட்டிருக்கிறது.

இருபது எப்படி வந்தது? என் கணக்கின்படி 19-க்கு மேல் வர வழியே இல்லை. ஒரு மதிப்பெண் வினாக்கள் 5. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 3. நான்கு மதிப்பெண் வினாக்கள் 2. ஐந்தும் ஆறும் எட்டும் பத்தொன்பது. கூட்டலில் பிழை நேர்ந்திருக்கிறது. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். மறுகூட்டலில் மதிப்பெண் குறைந்தால் குறைந்ததையே வைத்துக்கொள்வார்களா, அல்லது பழையதை விட்டுவிடுவார்களா? நீ மதிப்பீட்டு முகாம்களுக்குச் சென்றவள், உனக்குத் தெரிந்திருக்கும். கடைசித் தேதி நெருங்குகிறது. உடனே எழுதவும்.

அப்துல் சலாம்.


நாமகிரிப்பேட்டை,
24.05.2025, சனிக்கிழமை.

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முதலில் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

நீங்கள் ஏப்ரலில் அனுப்பிய விடைகளை அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினேன். 75-க்கு 52 வந்தது. நீங்கள் பொய் எழுதவில்லை. தேர்வறையில் எழுதினேன் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன். இப்போது 20 வந்திருக்கிறது. 52 வர வேண்டிய மனுஷன், 32 எங்கே போனது என்று கேட்கவில்லை. ஒன்று ஏன் கூடியது என்று சண்டைக்கு நிற்கிறீர்கள்.

கூட்டலில் பிழை இல்லை அண்ணே. முகாமில் எங்கள் மேசையில் ஒரு தாள் 19-இல் வந்து நின்றால் அதை அப்படியே கட்டி வைக்கிற ஆசிரியர் யாரும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்போம். பக்கத்தில் இருப்பவரிடம், "டீச்சர், ஒண்ணே ஒண்ணு குறையுது, கொஞ்சம் பாருங்க" என்று கொடுப்போம். எங்கேயாவது ஒரு படத்துக்கு அரை, ஒரு சூத்திரத்துக்கு அரை என்று விட்டுப்போனது இருக்கும், தேடி எடுத்துப் போடுவோம். சட்டத்தில் கிடையாது. ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் நான் ஒரு 19 போட்டதில்லை. உங்கள் தாளில் அலகு, கட்டம், கோடு எல்லாம் அத்தனை சுத்தமாக இருந்திருக்கும். திருத்தியவருக்கு மனசு எப்படி வரும்?

தோற்க நினைத்தால் 17 எழுதியிருக்க வேண்டும். எட்டு மாதமாக நீங்கள் அனுப்பிய தாள்களில் எத்தனையோ தப்பு பார்த்தேன். இந்த 19 ஒன்றுதான் நீங்கள் நிஜமாகவே தெரியாமல் செய்த தப்பு.

ஏன் என்று கேட்கப் போவதில்லை. 25-க்கு 25 எடுத்தபோது நான் அஞ்சலட்டை போட்டேன். இனி அனுப்ப வேண்டாம் என்றும் எழுதினேன். அது போதும் எனக்கு, புரிகிறது.

நானும் ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். உங்கள் மச்சான் நன்றாக இல்லை. வாதம் கையோடு நிற்கவில்லை. புத்தியில் ஏதோ கழன்றுவிட்டது. யாரைப் பார்த்தாலும் திட்டுகிறார்கள். கேட்கக் கூசுகிற பேச்சு. இந்த மனுஷனுக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்று நாற்பது வருடத்தில் எனக்குத் தெரியாது. கையில் கிடைத்ததை எறிகிறார்கள். முதலில் பால்காரர் வாசலுக்கு வெளியே நின்று ஊற்ற ஆரம்பித்தார். பிறகு பக்கத்து வீட்டு அம்மா வருவது நின்றது. பெருநாளைக்குக்கூட யாரும் படி ஏறவில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அந்த அஞ்சலட்டையை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் தாளில் ஒரு தப்பாவது இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற அண்ணனை ஒரு தடவைகூட வாங்க என்று எழுதவில்லை. மச்சானைப் பழைய மச்சானாகவே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருந்தது. இதையெல்லாம் எழுதிவிட்ட பிறகும் கூப்பிட எனக்கு நா எழவில்லை.

மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்காதீர்கள். தேறிவிட்டீர்கள்.

பீவி.


அயோத்தியாப்பட்டணம்,
29.05.2025, வியாழக்கிழமை, காலை 6.30.

பிரியமுள்ள தங்கை மஸ்தான் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேற்று பகல் 1.10-க்குக் கிடைத்தது. நேற்று அழுத்தம் பார்க்கவில்லை.

உன் கணக்கு சரி. முதல் மூன்று தாள்களில் மொத்தம் 23 பிழைகள். அவற்றில் 9 மெய்யானவை. 14 நானாக வைத்தவை. முதல் தாளில் வந்தவை எல்லாம் மெய்யான பிழைகள். பக்க இணைப்பும் அதில் சேரும். அதற்கு நீ ஒன்றரைப் பக்கம் எழுதினாய். அதன் பிறகுதான் வைக்கத் தொடங்கினேன். இதை உன்னிடம் மறைத்தது தவறு. உன் சந்தேகத்தைக் கண்டித்து நான் எழுதிய 25.11.2024 தேதியிட்ட கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அதைக் கிழித்துவிடவும்.

19 பற்றி நீ சொன்னது எனக்குத் தெரியாது. திருத்துபவர் கணக்குப் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை படிப்பார் என்று நினைக்கவில்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கவில்லை.

மச்சானைப் பற்றி. அவர் திட்டுவார் என்பதற்காக நீ என்னை அழைக்காமல் இருந்தது, எல்லோரையும் வைத்துப் போட்ட கணக்கு. எனக்கு இடக்காதில் எதுவும் கேட்காது. வலக்காதில் பத்தில் ஒரு பங்கு. அவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் எனக்கு அது யாரோ தொலைவில் பேசுவது போலத்தான் இருக்கும். என்னிடம் அவ்வளவு பாடுபட்டுப் பேசுகிறவர் இப்போது வேறு யாரும் இல்லை. எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நீ படுத்துச் சற்று உறங்கலாம், அல்லது கடைக்குப் போய் வரலாம். பாத்திரம் எறிந்தால் விலகிக்கொள்ளும் அளவுக்கு முழங்கால் இன்னும் வேலை செய்கிறது.

வரும் வியாழக்கிழமை, 05.06.2025, காலை 7.15-க்குப் புறப்பட்டு, சேலம் புதிய பேருந்து நிலையத்திலும் ராசிபுரத்திலும் வண்டி மாறி, சுமார் 10.30-க்கு நாமகிரிப்பேட்டையில் இறங்குவேன். நீ நிறுத்தத்துக்கு வர வேண்டாம். அவரைத் தனியே விட முடியாது என்பதை அறிவேன். வழி நினைவிருக்கிறது. வினாத்தாள் எதுவும் கொண்டுவர மாட்டேன். நேரில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு தாளும் பென்சிலும் வைத்திருந்தால் நல்லது. நீ எழுதிக் காட்டலாம்.

ஒரு விவரம் தேவைப்படுகிறது. இரண்டு நாள் தங்குவது உனக்கு வசதி என்றால் வெள்ளிக்கிழமை மாலையே திரும்பிவிடுவேன். மூன்று நாள் என்றால், சனிக்கிழமை பக்ரீத். பெருநாள் தொழுகையை உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் முடித்துக்கொண்டு, உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். இரண்டா மூன்றா என்பதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு.

எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். மூன்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
அப்துல் சலாம்.